கர்ப்ப காலமும் தியான ஆப்பும்: மலையகத் தாய்மார் கேட்கும் கேள்விகள்

மைண்ட்புல்னஸ் என்றால் என்ன? யோகாவா, மந்திரமா?

இரண்டும் இல்லை. இப்போது நடப்பதை, நடக்கும்போதே, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. அவ்வளவுதான்.

காலையில் பிளேன்டிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் சூடு, மூக்கில் ஆவி, முதல் மிடறு தொண்டையில் இறங்குவது. மூன்றாவது மிடறுக்குள் மனம் எங்கேயோ போயிருக்கும்: ஸ்கேன் ரிபோர்ட், சீட்டுக் காசு, போன முறை நடந்தது. போய்விட்டது என்று தெரிந்த அந்த நொடியில் திட்டிக்கொள்ளாமல் கோப்பையின் சூட்டுக்குத் திரும்பி வருவதுதான் பயிற்சி. ஐந்து நிமிடத்தில் முப்பது தடவை மனம் ஓடினால், முப்பது தடவை திரும்பி வந்திருக்கிறீர்கள். அது தோல்வி இல்லை. கை வேலையில் பழகுவது போலத்தான் இதுவும் பழகும்.

இந்தப் பயிற்சிக்கும் நம் மலைக்கும் பழைய தொடர்பு உண்டு. பௌத்தத்தின் சதிபட்டான என்ற விழிப்போடு கவனிக்கும் முறையை மேற்கத்தியருக்கு எளிமையாக எழுதிக் காட்டியவர்களில் முக்கியமானவரான ஞானபோனிக தேரர் கண்டி உடவத்தக்கெலேக் காட்டில்தான் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபட்-ஸின் இதைச் சமயத்திலிருந்து பிரித்து, நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்கான 8 வார வகுப்பாக்கினார். நான்சி பார்டக் என்ற மருத்துவமாது 1998இல் அதையே பிரசவத்துக்கு ஏற்ற வகுப்பாக மாற்றினார். இன்று போனில் இருக்கும் ஆப்கள் பலவும் இந்த வகுப்புகளை ஐந்து, பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டித் தருபவைதான்.

நாங்கள் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம். செய்யலாமா?

செய்யலாம். எந்தக் கடவுளையும் கும்பிடச் சொல்வதில்லை, எதையும் விடச் சொல்வதுமில்லை. மூச்சைக் கவனிப்பது பிடிக்காவிட்டால் ஜெபமாலையின் மணியையோ, திக்ரையோ, வழக்கமாகச் சொல்லும் அம்மன் நாமத்தையோ பிடிமானமாக வைத்துக்கொள்ளுங்கள். மனம் ஓடியதும் அதற்குத் திரும்பி வாருங்கள். வேலை ஒன்றேதான்.

உண்மையில் பலன் இருக்கிறதா?

இலேசான, நடுத்தரமான பதற்றத்துக்கு இருக்கிறது. ஒரே கவலையைத் திரும்பத் திரும்ப அரைப்பது, இரவில் தூக்கம் வராதது, பிரசவ பயம், சின்ன விஷயத்துக்குப் பெரிய பிள்ளை மேல் எரிந்து விழுவது போன்றவை தினசரிப் பயிற்சியால் தணியக்கூடியவை. கடும் மனச்சோர்வுக்கு இது மருந்தல்ல.

கர்ப்ப காலத்தில் மனம் சோர்வது அபூர்வமான விஷயமும் அல்ல. வளர்ந்துவரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதமானோருக்கும், பிள்ளை பெற்ற தாய்மாரில் 19.8 சதவீதமானோருக்கும் மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு லயத்தில் ஏழெட்டுக் கர்ப்பிணிகள் இருந்தால் அதில் ஒருவராவது இதை வெளியே சொல்லாமல் சுமக்கிறார் என்று எண்ணிக்கொள்ளலாம்.

ஆப்பின் பலவீனத்தையும் தெரிந்து வைத்திருங்கள். மனநலத்துக்கான 93 ஆப்களை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், போட்டு 30 நாள் கழித்தும் திறந்து பார்த்தவர்கள் நடுவாகப் பார்த்தால் நூறுக்கு மூன்று பேர்தான். ஆப் கெட்டது என்பதல்ல காரணம். நம் நாளில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்காததால்தான் அது மறந்துபோகிறது. அதனால் எந்த ஆப் என்று தேடுவதற்கு முன், எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள்.

கணவனின் குடி, அடி, கந்து வட்டி, கூரை ஒழுகுவது இவற்றைத் தியானம் தீர்க்காது. அடி வாங்கிக்கொண்டு மூச்சை எண்ணச் சொல்வது அநியாயம். அதற்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘மிதுரு பியச’, தமிழில் ‘நட்பு நிலையம்’, என்ற பிரிவும் இருக்கிறது. கிளினிக்குக்குப் போகிற அதே நாளில் அங்கேயும் போகலாம்.

நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, ஒரே களைப்பு. மனமா, உடம்பா?

முதலில் உடம்பைப் பாருங்கள். மலையகத்தில் இரத்தக்குறைவு சர்வசாதாரணம். கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இறங்கினால் அது இரத்தக்குறைவு. படபடப்பு, மூச்சு வாங்கல், தலைச்சுற்று, எரிச்சல் எல்லாம் அதனாலும் வரும், பதற்றத்தாலும் வரும். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போல இருக்கும். கிளினிக் அட்டையில் கடைசி இரத்தப் பரிசோதனையில் என்ன எழுதியிருக்கிறது என்று மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். தைரொயிட் குறைவும் இதே முகத்தோடு வரும்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றுங்கள். தேயிலையில் உள்ள டெனின் இரும்பை உடம்பில் சேர விடாது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தேத்தண்ணி வேண்டாம். கொய்யாப்பழமோ தோடம்பழமோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

எந்த ஆப் நல்லது?

ஹெட்ஸ்பேஸ், காம் இரண்டும் பெரிய பெயர்கள். ஆனால் நல்ல பகுதிகளில் பெரும்பாலானவை காசு கட்டினால்தான் திறக்கும். இன்சைட் டைமரில் இலவசமாகக் கேட்கக்கூடியவை ஏராளம், வெறும் மணி அடிக்கும் டைமரும் உண்டு. மெடிட்டோ முழுக்க இலவசம், இலாப நோக்கில்லாத அமைப்பு நடத்துவது. ஸ்மைலிங் மைண்ட் அவுஸ்திரேலியாவில் அப்படியான ஓர் அமைப்பு உருவாக்கியது. இவற்றின் குரல் பெரும்பாலும் ஆங்கிலம்.

பெயரை விட இந்த விஷயங்களைப் பாருங்கள். டேட்டா இல்லாமலும் ஓடுமா? ஐந்து நிமிடப் பயிற்சி இருக்கிறதா? கர்ப்பிணிகளுக்கென்று தனிப் பகுதி உண்டா? குரல் நிதானமாக இருக்கிறதா? இசையும் அருவிச் சத்தமும் குரலை அமுக்கினால் அதை விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுத் தோள் இறங்கவில்லை என்றால் அந்தக் குரல் உங்களுக்கானதில்லை, வேறொன்றைத் தேடலாம்.

‘வயிற்றுப் பிள்ளை அறிவாளியாகும்’, ‘சுகப்பிரசவம் உறுதி’, ‘மாத்திரை இல்லாமல் மனச்சோர்வு குணமாகும்’ என்று சொல்லும் எதையும் போடாதீர்கள். அப்படி ஒரு வாக்கை எந்த டொக்டரும் தரமாட்டார். வயிற்றில் இயர்போனை ஒட்டவைக்கவும் வேண்டாம், அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆங்கிலம் பிடிபடாது. தமிழில் வேண்டும். என்ன செய்வது?

நீங்களே பதிவு செய்யுங்கள். பாதி புரிகிற ஆங்கிலக் குரலை விடத் தெரிந்தவர் குரலில் ஏழு நிமிடத் தமிழ்ப் பதிவு எவ்வளவோ மேல். அர்த்தம் தேடிக்கொண்டிருக்கும் மனம் ஓய்வெடுக்காது. அக்காவோ அம்மாவோ கணவரோ வாசிக்கலாம், நீங்களே வாசித்தாலும் சரி.

போனில் ‘வொய்ஸ் ரெக்கோடர்’ இருக்கும். முதலில் ஏரோபிளேன் மோட் போடுங்கள். இல்லாவிட்டால் வட்ஸ்அப் சத்தம் நடுவில் பதிவாகி, கேட்கிற ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் திடுக்கிடுவீர்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் போனை வையுங்கள். நேரே வைத்தால் மூச்சுக் காற்று ‘புஸ்’ என்று அடிக்கும். மழை பெய்யும்போது பதிவு செய்யாதீர்கள், தகரக் கூரைச் சத்தம் குரலை விழுங்கிவிடும். தலையோடு ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசினால் எதிரொலி குறையும்.

வாசிக்க வேண்டியது இது. அடைப்புக்குள் இருப்பதை வாசிக்காமல், அத்தனை நொடி மௌனமாக இருங்கள்.

“வசதியாக உட்காருங்கள். முதுகுக்குத் தலையணை வையுங்கள். கண்ணை மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம். (15) பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். குளிரா, சூடா. (20) இடுப்பு பாயில் அழுந்துவதைக் கவனியுங்கள். (20) தோளைக் கீழே விடுங்கள். தாடையைத் தளர்த்துங்கள். (15) இப்போது மூச்சு. அதை மாற்ற வேண்டாம். உள்ளே வருகிறது, வெளியே போகிறது. (40) மனம் வேறெங்காவது போயிருக்கும். பரவாயில்லை. ‘யோசனை’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டு மூச்சுக்கு வாருங்கள். (60) ஒரு கையை வயிற்றில் வையுங்கள். கையின் சூட்டைக் கவனியுங்கள். பிள்ளை அசைந்தாலும் சரி, தூங்கினாலும் சரி. (60) பயம் வந்தால், ‘பயம் இருக்கிறது’ என்று சொல்லுங்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். (30) மறுபடியும் மூச்சு. (60) சுற்றியுள்ள சத்தங்களைக் கேளுங்கள். (20) விரல்களை அசையுங்கள். மெதுவாகக் கண்ணைத் திறவுங்கள்.”

மௌனம் மட்டும் 5 நிமிடம் 40 நொடி. பேச்சோடு சேர்த்து ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். எல்லோரும் செய்யும் பிழை, மௌனத்தைக் குறைப்பது. பதிவு செய்கிறவருக்கு 60 நொடி என்பது ஒரு யுகம் போல இருக்கும், அதனால் 20 நொடியில் அடுத்த வரிக்குப் போய்விடுவார். பக்கத்தில் ஒரு மணிக்கூட்டை வைத்துப் பார்த்து எண்ணுங்கள். இரண்டாவது பிழை, வானொலி அறிவிப்பாளர் போல வாசிப்பது. பக்கத்தில் படுத்திருக்கும் தங்கச்சியிடம் சொல்வது போலச் சொல்லுங்கள்.

போனை ஒரு பிள்ளையும் நோண்டும் வீடாக இருந்தால், கோப்புக்குப் பெயர் வைத்து அக்கா போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.

காலை நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓட வேண்டும். நேரம் ஏது?

ஒரே தடவையில் இருபது நிமிடம் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே நாளில் இருக்கும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். நன்றாக ஒட்டிக்கொள்ளும் மூன்று இடங்கள்: அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரம், கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்திருக்கும் நேரம், இரவு விளக்கணைத்ததும் முதல் ஏழு நிமிடம். முதல் வாரம் ஒன்றை மட்டும் எடுங்கள். முதல் வாரம் 3 நிமிடம், இரண்டாவது வாரம் 5, மூன்றாவது வாரத்திலிருந்து 7. கிழமையில் ஐந்து நாள் செய்தால் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்ட வேண்டாம்.

மடுவத்தில் ஆப் தேவையில்லை. இரண்டு பாதமும் மண்ணில் நிற்பதைப் பத்து மூச்சுவரை கவனித்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. மலையில் கொழுந்து எடுக்கும்போதும், சறுக்கலான ஒற்றையடிப் பாதையில் நடக்கும்போதும் இயர்போன் போடவே கூடாது. குளவி கலைந்தால் பக்கத்து நிரையில் இருப்பவர் கத்துவது உங்கள் காதில் விழ வேண்டும். ஈரக் கல்லில் கால் வைக்கும்போது கவனம் முழுக்கக் காலில் இருக்க வேண்டும். வயிறு முன்னுக்கு வந்த பிறகு நிலை தடுமாறுவதும் சுலபம்.

லயத்து அறையில் எட்டுப் பேர். தனி இடமே இல்லை.

அமைதி வேண்டும் என்று நினைத்தால் மலையகத்தில் யாராலும் தியானம் செய்ய முடியாது. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, நாய், மாமியாரின் இருமல் எல்லாம் பயிற்சிக்குள்ளேயே வரட்டும். ‘சத்தம்’ என்று மனதுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். இஸ்தோப்பில் ஒரு மூலை, முதுகுக்குச் சுவர், காலுக்குக் கம்பளி. நுவரெலியா, ஹோர்டன் சமவெளிப் பக்கத்துக் குளிரில் கால் சில்லிட்டால் உடம்பு இறுகிப்போகும், மனமும் தளராது. காலுறை போடுங்கள். இயர்போனை ஒரு காதில் மட்டும் போட்டால், பெரிய பிள்ளை கூப்பிடுவதும் கேட்கும்.

வீட்டில் ‘எந்நேரமும் போனைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு’ என்ற பேச்சு வந்தால், பதிவை ஒரு தடவை எல்லோரும் கேட்கும்படி போட்டுக் காட்டுங்கள். ஒளித்துச் செய்வதால்தான் சந்தேகம் வருகிறது. கணவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்த ஏழு நிமிடம் பெரிய பிள்ளையை அவர் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி.

எப்படி உட்காருவது? படுத்துக்கொண்டு செய்யலாமா?

முதல் மூன்று மாதம் குமட்டல்தான் பிரச்சினை. வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் செய்யலாம். மூச்சைக் கவனித்தால் குமட்டல் கூடுகிறது என்றால் கவனத்தைப் பாதத்தில் வையுங்கள்.

ஐந்து மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுக்க வேண்டாம். கர்ப்பப்பை முதுகுப் பக்கமுள்ள பெரிய நாளத்தை அமுக்குவதால், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து தலைச்சுற்றும் வியர்வையும் வரும். பல ஆப்கள் ‘மல்லாந்து படுங்கள்’ என்றுதான் தொடங்கும், ஏனென்றால் அவை கர்ப்பிணிக்கென்று செய்யப்பட்டவை அல்ல. நீங்கள் ஒருக்களித்துப் படுங்கள், இடது பக்கம் நல்லது. இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த சேலை. 28 வாரத்துக்குப் பிறகு இரவில் தூங்கப் போகும்போதும் ஒருக்களித்தே படுக்க வேண்டும். இடையில் விழித்துப் பார்த்து மல்லாந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, திரும்பிப் படுங்கள்.

சம்மணம் போட்டால் இடுப்பு எலும்பு முன்பக்கம் வலிக்கிறதா? கதிரையில் உட்காருங்கள். தியானத்துக்குச் சம்மணம் கட்டாயமில்லை.

மூச்சுப் பயிற்சிகளில் எது ஆபத்து?

மூச்சை அடக்கி வைப்பது, வயிற்றைக் குத்திக் குத்தி வேகமாக விடுவது, அவசர அவசரமாக இழுப்பது மூன்றும் கர்ப்பத்தில் வேண்டாம். கும்பகம், கபாலபாதி என்று ஆப்பிலோ வீடியோவிலோ வந்தால் தாண்டிப் போங்கள். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, விரல் மரத்துத் தலை சுற்றும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் வேகமாக மூச்சுவிடுவார்கள்.

பாதுகாப்பானது, வெளியே விடும் மூச்சை நீட்டுவது. நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. நீளமாக விடும்போது இதயத் துடிப்பு இறங்கும், உடம்பு ‘ஆபத்து இல்லை’ என்று எடுத்துக்கொள்ளும். ஏழாம் மாதத்துக்குப் பிறகு வயிறு மேலே தள்ளுவதால் நான்கு எண்ணி இழுக்க முடியாமல் போகலாம். மூன்றுக்கு நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை பிடிப்பதற்காக மூச்சுத் திணறக் கூடாது.

கண்ணை மூடினால் பயம் கூடுகிறது. போன பிள்ளை நினைவு வருகிறது. நான் தப்பாகச் செய்கிறேனா?

இல்லை. கருக்கலைந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள், போன பிரசவத்தில் பயந்துபோனவர்கள், வன்முறையைப் பார்த்தவர்களுக்கு இது நடப்பதுண்டு. பகலெல்லாம் வேலையால் மூடி வைத்திருந்தது, சும்மா உட்கார்ந்ததும் மேலே வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். ஆப்பின் குரல் ‘தொடர்ந்து கவனியுங்கள்’ என்று சொல்லிக்கொண்டே போகும், உங்கள் முகம் அதற்குத் தெரியாது. நிறுத்துவதுதான் சரி.

நிறுத்தியதும் கண்ணைத் திறந்து, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: கூடை, கதவு, கூரைத் தகரம், விளக்கு, செருப்பு. பிறகு தொட்டு உணரும் மூன்று: பாயின் கோரை, சேலைக் கரை, சுவரின் குளிர். குளிர்ந்த தண்ணீரில் கையை நனையுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் இந்த அறைக்கு, இந்த நாளுக்குத் திரும்பி வருவீர்கள்.

அடுத்த முறை கண்ணைத் திறந்து வைத்து, இரண்டு நிமிடம் மட்டும், பாதத்தையோ கையில் ஒரு கூழாங்கல்லையோ கவனியுங்கள். உடம்பைத் தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு பாகமாகக் கவனிக்கச் சொல்லும் பயிற்சியை, இப்படிப் பழைய நினைவு வருபவர்கள் தவிர்ப்பது நல்லது. வயிற்றுக்கு வரும்போது நினைவு வெடிக்கும். மூன்று தடவை முயன்றும் அதே கதிதான் என்றால் ஆப்பை ஒதுக்கிவைத்துவிட்டு மனநல டொக்டரிடம் பேசுங்கள். பைபோலர் (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) இருந்தவர்கள், குரல் கேட்பது போன்ற நோய் வந்தவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் ஆப்பைத் திறக்கலாமா?

திறக்கலாம், ஆனால் திரையைப் பார்க்காமல். படுக்கப் போகும் முன்பே பதிவைத் தயாராக வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, போனைக் கவிழ்த்து வையுங்கள். விழித்ததும் ஒரு தட்டு, அவ்வளவுதான். பட்டியலில் தேடத் தொடங்கினால் பேஸ்புக் வரும், பிறகு விடியும். இருபது நிமிடம் கழிந்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து மறுபடி படுங்கள். ஒன்றுக்குப் போக அடிக்கடி எழும்புவதால்தான் தூக்கம் கெடுகிறது என்றால், மாலை ஆறுக்குப் பிறகு தேத்தண்ணியைக் குறையுங்கள். அது தூக்கத்தையும் விரட்டும், சிறுநீரையும் கூட்டும்.

வயிற்றில் கை வைத்துத் தியானிக்கும்போது பிள்ளை அசையவில்லையே?

பயிற்சி நேரத்தில் பிள்ளை தூங்குவது சாதாரணம். ஆனால் வழக்கமான அசைவு குறைந்துவிட்டது என்று தோன்றினால் ‘முதலில் மனதை அமைதிப்படுத்துவோம்’ என்று இருந்துவிடாதீர்கள். அசைவை எண்ணச் சொல்லிக் கிளினிக்கில் காட்டித் தந்த முறைப்படி எண்ணிப் பாருங்கள். குறைவு என்றால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கடும் தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குதல், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி, இரத்தப் போக்கு, நீர் போதல் இவையும் அப்படியே. ‘டென்ஷன்தான்’ என்று சொல்லி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தால் இரத்த அழுத்தம் கைமீறிப் போகும். 1990க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்துக்கு உள்ளே வரும் பாதையை எப்படிச் சொல்வது என்று இப்போதே ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். எந்தச் சந்தி, எந்தப் பிரிவு, எந்த லயம் என்று.

டேட்டா, காசு, அந்தரங்கம்?

பத்து நிமிட ஓடியோ 64 கேபிபிஎஸ் தரத்தில் ஏறத்தாழ 5 எம்பி, 128இல் 10 எம்பி. அதே பத்து நிமிடம் வீடியோ என்றால் அதைப் போலப் பல மடங்கு போகும். ஆகவே வீடியோ வேண்டாம். டவுணுக்குப் போகும் நாளில், சிக்னல் நன்றாக உள்ள இடத்தில், ஒரு மாதத்துக்கு வேண்டியதை டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டால் போதும்.

‘7 நாள் இலவசம்’ என்ற இடத்தில் கவனம். கார்ட்டையோ போன் பில்லையோ இணைத்திருந்தால் எட்டாம் நாள் ஒரு வருடக் காசை வெட்டிக்கொள்ளக்கூடும். ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, கொடுப்பனவும் சந்தாக்களும் என்ற பகுதிக்குள் போய், அந்த ஆப்பின் சந்தாவை ரத்துச் செய்ய வேண்டும். தொடங்கும் அன்றே செய்துவிட்டாலும் பெரும்பாலும் இலவச நாட்கள் முடியும்வரை ஓடும்.

நினைவூட்டல் மணி அடிக்கவில்லை என்றால், பெரும்பாலும் பெட்டரி சேவர் அந்த ஆப்பைப் பின்னணியில் கொன்றிருக்கும். செட்டிங்ஸில் அதற்கு மட்டும் பெட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். அல்லது போனின் சாதாரண அலாரமே போதும்.

மனநிலையைத் தினமும் எழுதச் சொல்லும் ஆப்களில் என்ன எழுதுகிறோம் என்று யோசியுங்கள். இலங்கையில் 2022இன் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தாலும், நீங்கள் எழுதியது வெளிநாட்டுக் கணினியில் போய் உட்காரும். உண்மைப் பெயர் வேண்டாம், லொகேஷனும் தொடர்பு இலக்கங்களும் கேட்டால் அனுமதி வேண்டாம். ஒரே போனை வீட்டில் பலர் பார்ப்பதால், பூட்டுத் திரையில் அறிவிப்பு வராதபடி நிறுத்திவிடுங்கள்.

மனநல மாத்திரை எடுக்கிறேன். தியானம் தொடங்கியதால் நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் நோய் திரும்பி வரும், அது தாய்க்கும் பிள்ளைக்கும் கெடுதல். கர்ப்பத்தில் தொடரக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. வலிப்புக்கும் பைபோலருக்கும் தரும் சோடியம் வல்புரோயேட் போன்றவை பிள்ளைக்குக் கேடு என்பதால் அவற்றை எடுப்பவர்கள் கிளினிக் நாள்வரை காத்திராமல் உடனே டொக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். அதையும் தானாக விடக் கூடாது.

பிரசவ அறைக்குப் போனைக் கொண்டுபோக முடியுமா?

பல இடங்களில் விடமாட்டார்கள். அதனால் 34ஆம் வாரத்திலிருந்து கிழமையில் இரண்டு நாளாவது பதிவு இல்லாமல் பழகுங்கள். வலி ஓர் அலை போல ஏறி, உச்சிக்குப் போய், இறங்கும். பெரும்பாலும் ஒரு நிமிடம் அளவு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று பழகியிருந்தால், ஒரு வலி ஆறு மூச்சு. மூன்றாவது மூச்சு உச்சி, ஆறாவதில் இறங்கிவிடும். வீட்டில் பழக, கையில் ஓர் ஐஸ் கட்டியை 30 நொடி பிடித்து, ‘குளிர், குத்தல், எரிச்சல்’ என்று பெயர் சொல்லிக்கொண்டே நீள மூச்சு விட்டுப் பாருங்கள். வலி போகாது. வலியோடு வரும் ‘என்னால் முடியாது’ என்ற பதற்றம் குறையும். வலி நிவாரணி கேட்பதற்கும் இதற்கும் சண்டை இல்லை, வேண்டுமென்றால் கேளுங்கள். தள்ளும் நேரத்தில் மருத்துவமாது சொல்வதையே கேளுங்கள்.

ஆப்பை மூடிவிட்டு ஆளைத் தேட வேண்டிய நேரம் எது?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் அழுகையோ மரத்துப்போன உணர்வோ இருந்தால். சாப்பாடும் தூக்கமும் முழுக்கக் கெட்டால். கிளினிக்குக்கே போகப் பிடிக்காவிட்டால். ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

1926 தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், இருபத்து நாலு மணிநேரமும் எடுக்கலாம், தமிழில் பேசலாம். 1333 என்ற உளவள ஆலோசனை இலக்கத்துக்கும் எடுக்கலாம். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும் நாளில் சொன்னால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் இந்த ஒரு வரி போதும்: “மிஸ், எனக்கு மனசு சரியில்லை, ரெண்டு கிழமையா தூக்கமில்லை.”

பிள்ளை பிறந்த பிறகும் செய்யலாமா?

முதல் மாதம் ஏழு நிமிடம் கிடைக்காது, தேடவும் வேண்டாம். பால் கொடுக்கத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் மூன்று மூச்சு. முதல் மூச்சில் தோளை இறக்குங்கள், இரண்டாவதில் பிள்ளையின் எடை கையில் அழுந்துவதைக் கவனியுங்கள், மூன்றாவதில் பிள்ளை விழுங்கும் சத்தத்தைக் கேளுங்கள். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை பால் கொடுக்கிறீர்கள். இருபத்தைந்து, முப்பது மூச்சு தானாகச் சேர்ந்துவிடும். மடியில் பிள்ளை இருக்கும்போது கண்ணை மூடிப் பயிற்சி செய்யாதீர்கள், தூங்கிவிடுவீர்கள்.

மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சாதாரணம், இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். தணியாவிட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கிளினிக்கில் எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகளைக் கேட்டால், கடந்த ஏழு நாளை நினைத்து உள்ளதைச் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. வெட்கப்பட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடுவது அதற்குத்தான் அதிகம். மாமியார் பக்கத்தில் நின்றால் ‘தனியாகப் பேசணும்’ என்று மிஸ்ஸிடம் கேட்கலாம்.

முதல் இரண்டு வாரத்தில் தாய் இரவு பகலாகத் தூங்காமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ பிள்ளையைக் கொல்ல வருகிறார்கள் என்றோ குரல் கேட்கிறது என்றோ சொன்னால், பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கொண்டுபோகாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் அது, மருந்தால் நன்றாகக் குணமாகும். தாயைத் தனியே விடாமல், பிள்ளையை இன்னொருவர் கையில் வைத்துக்கொண்டு, 1990க்கு எடுத்து அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது கிளினிக் அட்டையையும், கடைசியாக எத்தனை மணிநேரம் தூங்கினார் என்று எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.